9,000 ஆர்பிஎம் ரேஸ் இன்ஜினுக்கு எவ்வளவு பேரிங் கிளியரன்ஸ், எந்த ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள பதில்கள் ஒரு குறிப்பிட்ட இன்ஜினை மனதில் வைத்து எழுதப்பட்டவை: ஹோண்டாவின் பி16ஏ. பேரிங் கிளியரன்ஸ் என்பது கிராங்கின் சுழலும் பகுதிக்கும் (ஜர்னல்) அதைத் தாங்கும் பேரிங் ஷெல்லுக்கும் இடையே ஆயில் நிற்கும் இடைவெளி. 1989-ல் இன்டெக்ராவில் வந்த 1.6 லிட்டர் இன்ஜின் இது, விடெக் (வேகம் ஏறும்போது வால்வு திறப்பை ஆயில் பிரஷரால் மாற்றும் அமைப்பு) பொருத்தி வெளிவந்த முதல் இன்ஜினும் இதுதான். கம்பெனியிலிருந்து வரும்போதே 8,000-க்கு மேல் சுற்றும். ரேஸுக்குக் கட்டுபவர்கள் 9,000 வரை கொண்டுபோகிறார்கள். ராட் ஜர்னல் (கனெக்டிங் ராட் பிடிக்கும் இடம்) 45 மி.மீ., மெயின் ஜர்னல் (பிளாக்கில் உட்காரும் இடம்) 55 மி.மீ., ஸ்ட்ரோக் 77.4 மி.மீ., கனெக்டிங் ராட் நீளம் 134 மி.மீ. உங்களிடம் வேறு இன்ஜின் இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்; யோசிக்க வேண்டிய முறை மாறாது.

கிளியரன்ஸை முதலில் முடிவு செய்வதா, ஆயிலையா?

இரண்டுக்கும் முன்னால் தெரிய வேண்டியது ஆயில் டெம்பரேச்சர். கார் முழு வேகத்தில் பத்து லேப் ஓடிய பிறகு சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) ஆயில் எத்தனை டிகிரியில் நிற்கிறது? இது தெரியாமல் "எனக்கு 40 கிரேடு போதுமா, 50 வேண்டுமா" என்று கேட்பதில் பயனில்லை.

காரணம் எளிது. ஒரு நல்ல 40 கிரேடு ஆயில் 100 டிகிரியில் சுமார் 14 செண்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மைக்கான அளவு) இருக்கும். அதே ஆயில் 130 டிகிரிக்குப் போனால் 8-க்குக் கீழே இறங்கிவிடும். ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் அட்டவணைப்படி 20 கிரேடு ஆயில் 100 டிகிரியில் 6.9 முதல் 9.3 வரை இருக்க வேண்டும். அதாவது, டப்பாவில் 40 என்று எழுதியிருந்தாலும், 130 டிகிரியில் உங்கள் பேரிங்குக்குக் கிடைப்பது 100 டிகிரியில் உள்ள 20 கிரேடு ஆயில்தான். பேரிங்கின் உள்ளே ஆயில் சம்ப்பைவிட இன்னும் சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் செலவு ஒரு டெம்பரேச்சர் கேஜும், தேவைப்பட்டால் ஒரு ஆயில் கூலரும். இருங்காட்டுக்கோட்டை போல வெளிக்காற்றே 35 டிகிரியில் வீசும் ட்ராக்குகளில் கூலர் இல்லாமல் 9,000 ஆர்பிஎம் இன்ஜின் ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆயில் 105 முதல் 120 டிகிரிக்குள் நிற்கும்படி செய்துவிட்டால், கிளியரன்ஸையும் கிரேடையும் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

சரி, எவ்வளவு கிளியரன்ஸ் வைக்கலாம்?

பழைய கணக்கு ஒன்று உண்டு: ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 45 மி.மீ. ஜர்னலுக்கு 0.045 மி.மீ. ரேஸ் இன்ஜினுக்கு அதன் மேல் 0.012 மி.மீ. வரை கூட்டுவார்கள். ஆரம்பப் புள்ளியாக இது இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது.

பி16ஏ-க்கு நான் வைக்கச் சொல்வது: ராட் பேரிங் 0.045 முதல் 0.055 மி.மீ., மெயின் பேரிங் 0.040 முதல் 0.050 மி.மீ. மெயின் ஜர்னல் பெரியதாயிற்றே, அதற்கு ஏன் குறைவு என்று கேட்பீர்கள். பிளாக் அலுமினியம், கிராங்க் ஸ்டீல். சூடாகும்போது அலுமினியம் ஸ்டீலைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பேரிங் உட்காரும் வளையம் முழுக்க அலுமினியமாக இருந்தால், 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது 55 மி.மீ. விட்டத்தில் மட்டும் 0.05 மி.மீ. அளவுக்கு இடைவெளி கூடும். இரும்பு கேப் (பேரிங்கை அடியிலிருந்து பிடிக்கும் மூடி) இருந்தால் அந்த வளர்ச்சி குறையும், ஆனாலும் கொஞ்சம் இருக்கும். குளிர்ந்த நிலையில் அளந்த 0.045, ஓடும்போது 0.045 ஆகவே இருக்காது. ராட் பக்கம் ஸ்டீலுக்கு ஸ்டீல் என்பதால் இந்தப் பெரிய மாற்றம் இல்லை.

கிளியரன்ஸ் அதிகம் வைத்தால் பாதுகாப்பு அதிகம் என்கிறார்களே?

ஓரளவுக்கு மட்டும். ராட் பிக் எண்ட் (ராட் கிராங்கைப் பிடிக்கும் பெரிய முனை) 9,000-ல் என்ன ஆகிறது என்று பார்ப்போம். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 4,500 மடங்குக்குச் சமம். பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து அரைக் கிலோ என்று வைத்தால் 2 டன்னுக்கு மேல் இழுப்பு. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டனை மேலிருந்து அழுத்த எரியும் வாயுவின் அழுத்தம் இல்லை. முழு இழுப்பும் ராட் கேப்பின் மேல் விழும். பிக் எண்ட் துளை மேலும் கீழுமாக நீண்டு, பக்கவாட்டில் உள்ளே ஒடுங்கும். கேப்பும் ராடும் சேரும் அந்த இடத்தில் கிளியரன்ஸ் போதவில்லை என்றால் ஷெல் ஜர்னலைக் கவ்வும்.

வேகத்தைக் கூட்டும்போது கொஞ்சம் கிளியரன்ஸ் கூட்ட வேண்டும் என்பதற்கு இதுதான் உண்மையான காரணம். இந்த இழுப்பு ஆர்பிஎம்-இன் வர்க்கமாகக் கூடும். 8,000-லிருந்து 9,000-க்குப் போவது எட்டில் ஒரு பங்கு கூடுதல் வேகம்தான், ஆனால் விசை 27 சதவீதம் ஏறும்.

கூட்டிக்கொண்டே போக முடியாததற்கும் காரணம் உண்டு. இடைவெளி வழியாகக் கசியும் ஆயில் அந்த இடைவெளியின் கனத்துக்கு ஏற்பக் கூடும், கனம் என்றால் மூன்றாம் அடுக்கு. 0.045-ஐ 0.060 ஆக்கினால் கசிவு கிட்டத்தட்ட 2.4 மடங்கு. அந்த ஆயிலைப் பம்ப் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாதபோது ஐட்லில் பிரஷர் விழும், ஹெட்டுக்குப் போவது குறையும், விடெக் மாறுவதற்கே பிரஷர் போதாமல் தடுமாறும். இன்னொன்று: கிளியரன்ஸ் அதிகமானால் ஜர்னலைத் தாங்கும் பரப்பின் நீளம் குறைகிறது, சுமை சின்ன இடத்தில் குவிகிறது, ஆயில் படலம் அங்கே மெலிகிறது. தளர்வாகக் கட்டிவிட்டு கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிப்பது பல கராஜ்களில் பழக்கம். இன்ஜின் ஓடும், ஆனால் பவரும் போகும், ஆயிலும் சூடாகும்.

பெரிய ரேஸ் டீம்கள் இறுக்கமான கிளியரன்ஸில் தண்ணீர் மாதிரி ஆயில் ஓட்டுகிறார்களாமே, நாங்களும் செய்யலாமா?

அவர்கள் செய்வது உண்மை. அமெரிக்க நாஸ்கார் இன்ஜின் கட்டுபவர்கள் தங்கள் வி8 இன்ஜின்களுக்கு ஹோண்டா அளவிலான சின்ன ராட் ஜர்னலைக் கொண்டுவந்தார்கள். ஜர்னல் சின்னதானால் பரப்பு வேகம் குறையும், உராய்வு குறையும், வெப்பம் குறையும், மெல்லிய ஆயில் போதும். ஃபார்முலா ஒன்னில் கிளியரன்ஸ் இன்னும் இறுக்கம். கிராங்கைச் சுற்றவிடும் முன் தண்ணீரையும் ஆயிலையும் வெளியிலிருந்து சூடாக்கி உள்ளே ஓடவிடுகிறார்கள்.

ஆனால் அவர்களிடம் டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்ப் செய்யும் அமைப்பு) இருக்கிறது, மைக்ரான் கணக்கில் வட்டம் தவறாத ஜர்னல் இருக்கிறது, ஆயில் டெம்பரேச்சர் கட்டுக்குள் இருக்கிறது, எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆயில் அடித்தட்டிலேயே நிற்கும் வெட் சம்ப்பில், வளைவில் ஒரு கணம் பிக்கப் குழாய் காற்றை இழுத்தால் மெல்லிய படலம் மன்னிக்காது. கிளப் ரேஸில் ஓடும் பி16ஏ-க்கு அந்த வழி வேண்டாம்.

அப்படியானால் எந்த ஆயில்?

மேலே சொன்ன கிளியரன்ஸுக்கும், 105 முதல் 120 டிகிரி ஆயிலுக்கும்: முழு சிந்தடிக் 10டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40. 120-ஐத் தாண்டி நிற்கிறது, கூலர் வைக்க விதி அனுமதிக்கவில்லை என்றால் 50 கிரேடு.

டப்பாவில் எழுதியிருக்கும் 40-ஐ மட்டும் பார்க்காதீர்கள். கம்பெனி வெளியிடும் டேட்டா ஷீட்டில் எச்டிஎச்எஸ் என்று ஒரு வரி இருக்கும். 150 டிகிரியில், பேரிங்கின் உள்ளே நடப்பதுபோல் வேகமாக அரைபடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்ற அளவு அது. 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 வகைக்கு 3.5, 50 கிரேடுக்கு 3.7 இருக்க வேண்டும் என்பது எஸ்ஏஇ விதி. கவனியுங்கள், இவை குறைந்தபட்சம்தான். ஒரு 40 ஆயில் 3.6-லும் இருக்கலாம், இன்னொரு 40 ஆயில் 4-க்கு மேலும் இருக்கலாம். கடையில் இரண்டும் ஒரே ரேக்கில்தான் நிற்கும். ரேஸ் இன்ஜினுக்கு இந்த எண் 4-ஐ ஒட்டி இருப்பதைத் தேடி வாங்குவேன். டேட்டா ஷீட்டே கிடைக்காத ஆயிலை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வாங்க மாட்டேன்.

முதல் எண், அதாவது 0டபிள்யூ, 5டபிள்யூ, 10டபிள்யூ, குளிரில் ஸ்டார்ட் ஆவது பற்றியது. அதிகாலையிலும் 20 டிகிரிக்குக் கீழே போகாத ஊர்களில் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு எண்களுக்கும் இடையே தூரம் கூடக்கூட, அந்த அகலத்தைக் கொண்டுவர ஆயிலில் பாலிமர் சேர்க்க வேண்டியிருக்கும். நீளமான அந்தப் பாலிமர் இழைகள் ரேஸில் அரைபட்டு அறுந்துபோனால் ஆயில் நிரந்தரமாக இளகிவிடும். 10டபிள்யூ-60 வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிராண்ட் பெயர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு: எஸ்டர் கலந்த ரேஸ் ஆயில்களில் 1971-ல் வந்த மோட்டுல் 300வி பரவலாகத் தெரிந்தது, அந்த வகை ஆயில்கள் இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்தும். மேலே சொன்ன எண்கள் ஒத்துவரும் வேறு ஆயிலும் எனக்குச் சம்மதமே.

ஆயில் பிரஷர் எவ்வளவு இருக்க வேண்டும்?

1,000 ஆர்பிஎம்-க்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு. 9,000-க்கு 90 பிஎஸ்ஐ, ஏறக்குறைய 6 பார். இதைவிடக் கொஞ்சம் குறைவிலும் நல்ல இன்ஜின்கள் நிம்மதியாக ஓடுகின்றன. ஆனால் அந்தக் கணக்கின் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது.

ஜர்னலைத் தாங்குவது பம்ப் கொடுக்கும் பிரஷர் இல்லை. சுழலும் ஜர்னல் ஆயிலை ஆப்பு மாதிரி இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஆப்பில் உருவாகும் அழுத்தம் பம்ப் கொடுப்பதைவிடப் பல மடங்கு. பம்ப் செய்ய வேண்டியதெல்லாம் அந்த இடத்துக்கு ஆயில் வற்றாமல் கொண்டுசேர்ப்பது. ராட் பேரிங்குக்கு ஆயில் மெயின் ஜர்னலின் துளை வழியாகத்தான் போகிறது. அந்தத் துளை மெயின் ஜர்னலின் மையத்தைக் கடந்து போகும் கிராங்கில், வெளிப்பரப்பிலிருந்து மையம் வரை ஆயில் சுழற்சிக்கு எதிராக உள்ளே ஏற வேண்டும். 55 மி.மீ. ஜர்னலில் 9,000-ல் இதற்கே 3 பார் அளவுக்குப் போய்விடும், 6,000-ல் 1.3 பார் போதும். கீழ் ஆர்பிஎம்-இல் அழகாக ஓடிய இன்ஜினில் மேலே போனதும் ராட் பேரிங் மட்டும் போவது ஏன் என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பிரஷர் ரிலீஃப் வால்வின் ஸ்ப்ரிங்கை இறுக்கிப் பிரஷரை 7, 8 பார் வரை ஏற்றாதீர்கள். பம்ப் அதிகம் உழைக்கும், ஆயில் இன்னும் சூடாகும். பி சீரிஸ் இன்ஜினில் பம்ப் கிராங்கின் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிராங்கின் அதிர்வை அடக்கும் டேம்பர் புல்லியைக் கழற்றிவிட்டு லேசான அலுமினியப் புல்லி போட்டவர்கள் பம்ப் கியர் உடைந்து முழு இன்ஜினையும் இழந்திருக்கிறார்கள். டேம்பரைத் தொடாதீர்கள்.

கிளியரன்ஸை எப்படி அளப்பது? பிளாஸ்டிகேஜ் போதாதா?

கட்டி முடிக்கும் முன் ஒரு குறுக்குச் சோதனைக்குப் பிளாஸ்டிகேஜ் (இடைவெளியில் வைத்து நசுக்கும் மெழுகு இழை) நல்லது. ஆனால் நாம் பேசும் வித்தியாசம் 0.005 மி.மீ.; நசுங்கிய மெழுகுக் கோட்டின் அகலத்தைக் கண்ணால் ஒப்பிட்டு அதைப் பிடிக்க முடியாது. மைக்ரோமீட்டரும் போர் கேஜும் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் டயல் கருவி) வேண்டும்.

செய்முறை இது. ராட், கேப், ஷெல் எல்லாவற்றையும் துடைத்து, நீங்கள் கடைசியில் போடப்போகும் அதே போல்ட்டை, அதே லூப்ரிகண்டோடு முழு டார்க் வரை இறுக்குங்கள். மைக்ரோமீட்டரை ஜர்னல் மேலேயே வைத்துப் பூட்டுங்கள். எண்ணைக்கூடப் படிக்க வேண்டாம். பூட்டிய மைக்ரோமீட்டருக்குள் போர் கேஜை வைத்து டயலைப் பூஜ்ஜியம் செய்யுங்கள். பிறகு அந்தப் போர் கேஜை ஷெல்லுக்குள் விட்டு, லேசாக ஆட்டி, டயல் முள் திரும்பும் இடத்தைப் பாருங்கள். முள் காட்டுவது நேரடியாக உங்கள் கிளியரன்ஸ். மைக்ரோமீட்டரில் சின்னப் பிழை இருந்தாலும் இந்த முறையில் அது அடிபட்டுப்போகும்.

அளக்க வேண்டியது கேப் இணையும் கோட்டுக்குச் செங்குத்தாக. ஷெல் நடுவில் தடிமனாகவும் இணைப்பை நோக்கி மெலிந்தும் இருக்கும். முன்னே சொன்ன ஒடுக்கத்துக்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இணைப்பின் அருகே அளந்துவிட்டு "கிளியரன்ஸ் நிறைய இருக்கிறது" என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொன்று, நம் ஊரில் மிக முக்கியம்: எல்லாம் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். கிராங்க் ஏசி அறையிலிருந்து வந்து, பிளாக் தகரக் கூரை ஷெட்டில் மதியம் முழுக்க கிடந்திருந்தால், 10 டிகிரி வித்தியாசமே அலுமினியத்தில் 55 மி.மீ.க்கு 0.012 மி.மீ. பொய் சொல்லும். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துவிட்டு, காலையில் அளப்பதே சரி.

அளந்த பிறகு கிளியரன்ஸ் சரியாக வரவில்லை. எப்படி மாற்றுவது?

ஷெல்லை மாற்றி. ஹோண்டா ஒரிஜினல் ஷெல்கள் தடிமன் வாரியாக நிறக் குறியோடு வரும்: சிவப்பு மிக மெலிது, நீலம் மிகத் தடிமன், நடுவில் பிங்க், மஞ்சள், பச்சை, பிரவுன், கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் வித்தியாசம் சில மைக்ரான்தான், நமக்கு வேண்டியதும் அதுவே. ரேஸ் பேரிங் கம்பெனிகள் எக்ஸ் குறியிட்ட ஷெல்லில் 0.025 மி.மீ. கூடுதல் கிளியரன்ஸ் தருகின்றன. மேல் ஷெல் ஒன்று சாதாரணம், கீழ் ஷெல் ஒன்று எக்ஸ் என்று கலந்தால் அதில் பாதி கிடைக்கும்; இது அங்கீகரிக்கப்பட்ட வழக்கம்தான்.

ஷெல்லை எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள். மூன்று அடுக்கு பேரிங்கின் மேல் பூச்சு மொத்தமே 0.013 மி.மீ. அளவு, காசு கொடுத்து வாங்கியதே அதற்காகத்தான், தேய்த்தால் அதுவே போய்விடும். கேப்பை அரம் போட்டு ராவுவதும் கூடாது. ராட் போல்ட்டையோ மெயின் ஸ்டட்டையோ வேறு வகைக்கு மாற்றினால் இறுக்கும் விசை மாறி துளையின் வட்டமும் மாறும். ராடை மறுபடி ஹோன் செய்து (துளையை உரசிச் சரியான வட்டமாக்கி), பிளாக்கை லைன் ஹோன் செய்த பிறகுதான் அளக்க வேண்டும்.

பிரித்துப் பார்க்கும்போது ஷெல்லில் என்ன பார்க்க வேண்டும்?

இது என் விருப்பமான பகுதி. ஓடிய ஷெல்லை வரிசையாகத் துணி மேல் அடுக்கி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

ராடின் மேல் ஷெல்லில் நடுவே மங்கலாகத் தேய்ந்திருந்தால் அது எரிப்பு அழுத்தத்தின் தடம். அளவோடு இருந்தால் பயமில்லை, பளபளவென்று அடிபட்டதுபோல் இருந்தால் டிடோனேஷன் (எரிபொருள் சீராக எரியாமல் வெடிப்பது), இக்னிஷனைப் பாருங்கள். கீழ் ஷெல்லின் நடுவே தேய்மானம் கூடுதலாக இருந்தால் அது ஆர்பிஎம் இழுப்பின் தடம். கேப் இணைப்பை ஒட்டி இரண்டு ஓரத்திலும் பட்டையாகத் தேய்ந்திருந்தால், பிக் எண்ட் ஒடுங்கிக் கவ்வுகிறது என்று அர்த்தம், கிளியரன்ஸ் 0.005 கூட்டலாம், அல்லது ராடும் போல்ட்டும் அந்த ஆர்பிஎம்-க்குப் போதவில்லை. ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்தால் ராட் வளைந்திருக்கலாம், ஜர்னல் ஒரு பக்கம் சரிந்திருக்கலாம். சுற்றுவாக்கில் மெல்லிய கீறல்கள் அழுக்கு. மேல் பூச்சு வழிந்து, நிறம் கறுத்திருந்தால் ஆயில் வற்றியிருக்கிறது. இதற்குக் கிரேடை மாற்றிப் பயனில்லை, சம்ப் பேஃபிளையும் (ஆயில் அலைபாயாமல் தடுக்கும் தகடு) பிக்கப்பையும் பாருங்கள்.

எல்லா ஷெல்லும் ஒரே சாம்பல் நிறத்தில், தடம் சீராக இருந்தால் எதையும் மாற்றாதீர்கள். அடுத்த முறையும் அதே எண்கள், அதே ஆயில்.

ஆயிலை எப்போது மாற்றுவது? ஸ்டார்ட் செய்யும்போது என்ன கவனம்?

ஒவ்வொரு ரேஸ் வாரக்கடைசிக்குப் பிறகும் மாற்றுங்கள். ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) டியூன் செய்த இன்ஜினில் பெட்ரோல் ரிங் தாண்டி ஆயிலில் இறங்கும்; எத்தனால், மெத்தனால் எரிபொருளில் இது இன்னும் அதிகம். ஆயில் டிப் ஸ்டிக்கில் லெவல் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ வாரக்கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் கண்ணில் பட்டால் அடுத்த ரேஸுக்கு முன் சம்ப்பை இறக்கியாக வேண்டும்.

புது இன்ஜின் என்றால் பிளக்கைக் கழற்றி, கேஜில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் 80 டிகிரி வரும் வரை முழு ஆர்பிஎம் வேண்டாம். தண்ணீர் கேஜ் ஏறிவிட்டது என்பது கணக்கில் வராது, ஆயில் எப்போதும் பின்தங்கியே சூடாகும்.

பைக் இன்ஜினுக்கும் இதே கணக்கா?

எல்லாவற்றுக்கும் இல்லை. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கிலும், நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சின்ன சிங்கிள் சிலிண்டர் பைக்குகளிலும் பிக் எண்டில் இருப்பது ரோலர் பேரிங். ஷெல் கிளியரன்ஸ் என்ற பேச்சே அங்கே இல்லை. ஷெல் போட்ட மல்டி சிலிண்டர் பைக்குகளுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஆயில் கிளட்சையும் நனைக்கிறது என்பதால் ஜாசோ எம்ஏ குறியுள்ள (ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜப்பானியத் தரக் குறி) ஆயிலையே எடுங்கள். காருக்கான உராய்வு குறைக்கும் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.